ஏறியது எண்ணூற்று எழுபது, இறங்கியது மூன்று

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று பதினொரு பைகளைப் பார்த்துக்கொண்டேன்.

காலை ஏழு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு நாற்பது வரை, கீழருவிக்கு எதிரே இருக்கும் சிமெண்ட் பெஞ்சில். நாத்தனாரும் அவளுடைய மலைநடைக் குழுவும் மூன்றாம் அருவி வரை போய்த் திரும்பினார்கள். நாத்தனார் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. அவளோடு சேர்த்துப் பதினொரு பெண்கள், அவளே தலைவி. நான் பன்னிரண்டாவது. பைகளுக்கும் சாப்பாட்டு டப்பாக்களுக்கும் தலைவி.

"அண்ணி, நீங்க இங்கேயே உக்காருங்க. உங்க முட்டி எனக்குத் தெரியாதா?" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் உறைத்தது. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மலையில் மொத்தம் நாலு அருவிகள். நாலாவது மேலருவி. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பார்த்தால் மலையின் நெற்றியில் ஒரு வெள்ளை நூல் தொங்கும், அதுதான். இருபத்தாறு வருஷமாக அந்த நூலைப் பார்த்துக்கொண்டே துணி உதறுகிறேன். பழைய நோட்டுகளைப் புரட்டிக் கணக்குப் பார்த்தேன். நான் கட்டிக்கொடுத்த சாப்பாடு இதுவரை ஆறு முறை மேலருவிக்குப் போயிருக்கிறது. நான் ஒரு முறைகூடப் போகவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

இவரிடம் சொன்னேன், மேலருவிக்குப் போக வேண்டும் என்று. துறைமுகத்தில் லாரிகளுக்கு எடை போடுகிறவர். எதையும் ஒரு பார்வை பார்த்து எடை சொல்லிவிடுவார். என்னையும் அப்படித்தான் பார்த்தார்.

"போட்டோ எடுத்துட்டு வரச் சொல்றேன். இங்கேயே பாத்துக்க."

"அவங்க சாப்பிட்டா எனக்கு வயிறு ரொம்பிடுமா?" என்றேன்.

பேப்பருக்குள் போய்விட்டார்.

பிப்ரவரி 11, புதன்

வன அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மேலருவி அடிவாரத்திலிருந்து எவ்வளவு உயரம்? எடுத்தது ஒரு பெண் காவலர். "அறுநூத்திப் பன்னெண்டு மீட்டர்ம்மா. எதுக்குக் கேக்கறீங்க?" சும்மா என்று வைத்துவிட்டேன்.

தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் எங்கள் கட்டிடத்தின் மாடிப்படியை அளந்தேன். ஒரு படி பதினேழு சென்டிமீட்டர். தரையிலிருந்து நாலாம் மாடி வரை எழுபத்திரண்டு படி. நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் மகன் படித்த காலத்தில் அவனுடைய கணக்குப் புத்தகங்களை அவனுக்குப் பின்னாலேயே நானும் படித்தேன். அவன் மறந்துவிட்டான், நான் மறக்கவில்லை. வகுத்துப் பார்த்தேன். மூவாயிரத்து அறுநூறு படி. அதாவது நாலாம் மாடிக்குச் சரியாக ஐம்பது முறை. மீதியே இல்லை!

இப்படி மீதியில்லாமல் வகுபட்டால் எனக்கு ஒரு நம்பிக்கை. கடவுள் 'ம்' என்று சொன்ன மாதிரி.

இன்று நாலு முறை ஏறினேன். மூச்சு வாய் வழியாகப் போய் காது வழியாக வந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

ஐந்து.

பிப்ரவரி 20, வெள்ளி

பதினான்கு முறை. பிரார்த்தனை முடித்து விடிவதற்குள் தொடங்கிவிடுகிறேன். ஏறுவது படியில், இறங்குவது லிஃப்டில். முட்டிக்கு இறங்குவது கெடுதல் என்று எங்கோ படித்திருக்கிறேன். தவிரவும் அது வீண் வேலை. கீழே வரத் தண்ணீருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? மனுஷிக்கும் அப்படித்தான்.

வாட்ச்மேன் பத்து நாளாகப் பொறுத்துப் பார்த்துவிட்டு இன்று கேட்டேவிட்டார். "அக்கா, ஏதாவது தொலைச்சுட்டீங்களா?"

"தேடிக்கிட்டிருக்கேன்."

"என்னத்த?"

"அறுநூத்திப் பன்னெண்டு மீட்டர்."

மனிதர் தன் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

மார்ச் 6, வெள்ளி

முப்பது முறை. ஆனால் இன்றைய செய்தி வேறு.

மேலருவிக்கு முன்னால் பாறையில் ஓர் இரும்பு ஏணி இருக்கிறதாம். கடல் காற்றின் உப்பு அதைத் தின்றுவிட்டது. மே முதல் தேதியிலிருந்து பாதையை அடைத்து ஏணியைப் பிரித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். இரண்டு வருஷம் ஆகும். அதனால் நாத்தனார் கடைசிப் பயணத்துக்குத் தேதி குறித்துவிட்டாள், ஏப்ரல் 26. போனில் சொன்னாள், "அண்ணி, சாப்பாடு பதினோரு பேருக்கு."

"பன்னெண்டு" என்றேன்.

"யாரு இன்னொருத்தர்?"

"நான்தான்."

சிரித்தாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்று புரிந்துகொண்டாள். "அண்ணி, அது மாடிப்படி இல்ல, மலை."

"ரெண்டு வருஷம் கழிச்சு எனக்கு அம்பத்தாறு. அப்ப இந்த முட்டி என்ன சொல்லும்னு யாருக்குத் தெரியும்? இப்ப இல்லன்னா எப்ப?" என்றேன்.

கடைசியில் இறங்கி வந்தாள். மார்ச் 22 அன்று மூன்றாம் அருவிக்கு என்னோடு வாருங்கள், போய்வந்த பிறகு பார்க்கலாம் என்று. அது போதும்.

மார்ச் 14, சனி

ஐம்பது!! முழு மேலருவி உயரம், நம் வீட்டுப் படியிலேயே. இவருடைய பழைய பேன்ட் ஒன்றை இடுப்பில் பிடித்து, கீழே மடித்துத் தைத்துவிட்டேன். மலைக்குப் போட.

மார்ச் 23, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே, அடுப்பு மேடையில் நோட்டை வைத்து எழுதுகிறேன்.

ஏறும்போது நான்தான் முதலில். இரண்டாவதான இரட்டை அருவியைத் தாண்டியதும், குழுவில் இருக்கும் பல் டாக்டரம்மா "மேடம் இன்ஜின் மாத்திட்டாங்களா?" என்று பின்னாலிருந்து கத்தினார். நாத்தனாருக்கு முன்னால் பத்து நிமிஷம் இருந்தேன். மூன்றாம் அருவியில் எல்லோரும் வந்து சேரும்வரை பாறையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால்மேல் கால்தான்... கடவுள் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

இறங்கத் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். தொடை நடுங்க ஆரம்பித்தது. முதலில் லேசாக. பிறகு தையல் மெஷின் மாதிரி. காலை வைத்தால் நிற்க மாட்டேன் என்கிறது. என் கால்தான், நான் சொன்னால் கேட்கவில்லை. ரெண்டு தடவை விழுந்தேன். அப்புறம் உக்காந்துட்டேன். உக்காந்து உக்காந்து இறங்கினேன், குழந்தை மாதிரி. பேன்ட் பின்பக்கம் கிழிஞ்சு போச்சு. நாத்தனார் தன் சால்வையை எடுத்து என் இடுப்பில் கட்டினாள். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் பல் டாக்டர். என் பையை எங்க குழுத் தையல்காரம்மா சுமந்தாங்க. என் பையை இன்னொருத்தர்.

நாலு மணிக்குள் எல்லோரும் கீழே வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நாங்கள் வந்தது ஐந்து இருபது. போனில் பேசிய அதே பெண் காவலர். கத்தவில்லை. பதிவேட்டில் எங்கள் குழுவுக்கு நேரே சிவப்பில் ஒரு வட்டம் போட்டார். "இன்னொரு தடவை லேட்டானா இந்தக் குழுவுக்கே அனுமதி கிடையாது" என்றார்.

வீட்டு வாசலில் நாத்தனார் சொன்னாள், "அண்ணி, இருபத்தாறாம் தேதி... மன்னிச்சுக்குங்க. பத்து பேர் இருக்காங்க. நான் என்ன செய்ய?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல. அவள் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் கஷ்டம்.

மார்ச் 24, செவ்வாய்

பிரார்த்தனையில் உட்கார முடியாமல் நின்றேன். ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

மார்ச் 25, புதன்

இவர் என் நோட்டை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார். பிடுங்கப் போனேன். நடை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"இதென்ன, தேதிக்கு நேரா ஒரே ஒரு எண்ணுதான் இருக்கு?"

"ஏறின கணக்கு."

"எறங்கின கணக்கு எங்க?"

"எறங்கறதுக்கு என்ன கணக்கு? லிஃப்டு."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எங்க எடை மேடையில வண்டி உள்ள வரும்போது ஒரு எடை, வெளிய போகும்போது ஒரு எடை. ஒண்ணு மட்டும் இருந்தா அந்தச் சீட்டு செல்லாது. புது ஆளுங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்போம்."

நின்றபடியே கூட்டினேன். பிப்ரவரி 11 முதல் மார்ச் 21 வரை ஏறியது எண்ணூற்று எழுபது முறை. இறங்கியது மூன்று. அதுவும் மின்சாரம் நின்ற ஒரு நாள், வேறு வழியில்லாமல்.

வீட்டில் ஒரு தீப்பெட்டி வந்தாலும் தீர்ந்தாலும் எழுதுகிறவள் நான். இருபத்தாறு வருஷமாக. இந்த ஒரு பக்கத்தில் பாதிக் கணக்கை விட்டிருக்கிறேன்! முட்டியும் இல்லை, வயசும் இல்லை. பாதிப் பாடத்தைப் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போயிருக்கிறேன். மூன்று நாளுக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன். சிரித்தால் தொடை வலிக்கிறது.

மார்ச் 28, சனி

மூன்றாம் மாடிக்காரர்கள் வீடு காலி செய்கிறார்கள். லிஃப்டில் ஃப்ரிட்ஜ் நுழையவில்லை. சுமை தூக்குகிறவர் ஒருவர் அதை முதுகில் பட்டையால் கட்டிக்கொண்டு படியில் இறங்கினார். என்னைவிட ஒல்லி. ஒரு படிகூட அதிரவில்லை. நான் பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து நின்றேன்.

கீழே வைத்துவிட்டு வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்துக் கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை, கேலி செய்கிறேன் என்று நினைத்தார். மலையில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிய கதையைச் சொன்னேன். செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க, எறங்குங்கம்மா பாப்போம்."

நாலு படி இறங்கினேன்.

"அதான். காலை விறைப்பா நீட்டி டொக்குன்னு வைக்கறீங்க. மொத்த உடம்பும் முட்டி மேல விழுது. நாற்காலியில உக்காரப் போற மாதிரி எறங்குங்க. மேல நிக்கிற காலு மெதுவா மடங்கணும், அது விட்டாத்தான் கீழ்க்காலு தரையத் தொடணும். அவசரம்னா கொஞ்சம் பக்கவாட்டுல."

எனக்குப் பக்கத்தில் அவரும் இறங்கிக் காட்டினார். முதுகில் ஒன்றும் இல்லாமலே ஃப்ரிட்ஜ் இருக்கிற மாதிரிதான் நடக்கிறார். மூன்று முறை இறங்கவைத்தார். மூன்றாவது முறை, "இப்ப உங்க முதுகுல பீரோவே ஏத்தலாம்" என்றார்.

மார்ச் 30, திங்கள்

ஏறுவது லிஃப்டில். இறங்குவது படியில். ஆறு முறை.

ஏப்ரல் 2, வியாழன்

பத்து. வாட்ச்மேன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, போன மாசம் ஏறிட்டுப் போய் லிஃப்டுல வந்தீங்க. இப்ப லிஃப்டுல போய் எறங்கறீங்க. கணக்கு நேராயிடுச்சா, இன்னும் பாக்கி இருக்கா?"

"பாக்கி எண்ணூத்தி சொச்சம்" என்றேன்.

ஏப்ரல் 11, சனி

முப்பது முறை இறங்கினேன். நடுக்கம் இருபத்தெட்டாவதில்தான் வந்தது. போன வாரம் பன்னிரண்டில் வந்தது. நடுக்கம் வரும் எண்ணைத் தனிப் பத்தியாக எழுதுகிறேன் இப்போது.

ஏப்ரல் 16, வியாழன்

ஐம்பது. நடுக்கப் பத்தியில் கோடு போட்டேன். எழுத ஒன்றும் இல்லை.

நாத்தனாருக்குப் போன் செய்து சனிக்கிழமை காலை வரச் சொன்னேன். விசிலும் ஸ்டாப்வாட்சும் எடுத்துவா என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. அவளுக்கு வரவே தயக்கமாக இருந்திருக்கும். ஒரு மாதமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 18, சனி

வந்தாள். நோட்டைக் கையில் கொடுத்தேன். ஏறியது, இறங்கியது, நடுங்கியது என மூன்று பத்தியும். நின்றபடியே படித்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ மாட்டினாள்.

முதல் பத்து முறை என்னோடு இறங்கினாள். பிறகு வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள். வாட்ச்மேன் அவளுக்குப் பக்கத்தில் நின்று, தானும் எண்ணினார். நாற்பதுக்கு மேல் இருவருக்கும் எண்ணில் சண்டை. நாற்பத்து மூன்று என்று இவள், நாற்பத்து நாலு என்று அவர். நாற்பத்து மூன்றுதான். நான் சொன்ன பிறகு அடங்கினார்கள்.

ஐம்பது முறை, ஒரு மணி நாற்பத்தெட்டு நிமிஷம்.

"ஒத்தக் கால்ல நில்லுங்க அண்ணி."

நின்றேன். ஸ்டாப்வாட்சை அழுத்தினாள். ஒரு நிமிஷம். கால் மாற்றச் சொன்னாள். இன்னொரு நிமிஷம். குனிந்து என் தொடையைக் கையால் தொட்டுப் பார்த்தாள், சுரம் பார்க்கிற மாதிரி. நிமிர்ந்தபோது கண் சரியில்லை அவளுக்கு.

"பதிவேட்டுல பொறுப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. உங்க பேருக்கு நேரா நான் கையெழுத்துப் போடறேன். லேட்டானா என் குழு போச்சு அண்ணி. எட்டு வருஷக் குழு."

"தெரியும்" என்றேன்.

"நாளைக்கு ஞாயிறு இல்ல, அடுத்த ஞாயிறு. அஞ்சரைக்கு வாசல்ல நிப்பேன். வரலன்னா விட்டுட்டுப் போயிடுவேன்."

விசிலை அவள் ஊதவே இல்லை. போகும்போது வாட்ச்மேன் கேட்டு வாங்கி ஒரு ஊது ஊதினார். இரண்டாம் மாடி முழுக்க வெளியே வந்துவிட்டது.

ஏப்ரல் 25, சனி

சாப்பாடு பன்னிரண்டு பேருக்குக் கட்டிவிட்டேன். மேலருவியில் நின்று கடவுளிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன், மறந்துவிடக் கூடாது என்று. ஏழு வேண்டுதல். மகனுக்கு மூன்று, இவருக்கு இரண்டு, நாத்தனாருக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

ஏப்ரல் 27, திங்கள்

உட்கார்ந்து எழுதுகிறேன்! முதலில் அதை எழுதி வைக்கிறேன்.

நேற்று காலை ஆறு பத்துக்குப் பதிவேடு. அந்தப் பெண் காவலர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். என்னைப் பார்த்தார், சிவப்பு வட்டத்தைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் பொறுப்புக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்.

இரட்டை அருவி ஏழு இருபது. மூன்றாம் அருவி எட்டு ஐம்பது. இம்முறை நான் முன்னால் ஓடவில்லை, நடுவிலேயே வந்தேன். அதற்கு மேல் எனக்குப் புதுப் பாதை. மரங்கள் குட்டையாகிவிடுகின்றன. ஈரம். பாறையெல்லாம் பச்சைப் பாசி. காலில் இரண்டு அட்டை, உப்பு வைத்து எடுத்தேன். அந்த ஏணியும் வந்தது. துரு கையில் செம்மண் மாதிரி ஒட்டியது. அறுபத்து நாலு கம்பி. எண்ணாமல் இருக்க முடியுமா.

ஏணிக்கு மேலே முதலில் சத்தம்தான் வந்தது. காதில் இல்லை, நெஞ்சில். பாறையைச் சுற்றி வந்தேன்—

நூல் இல்லை அது. எங்கள் தெரு அகலம்! எங்கள் தெருவையே நிமிர்த்தி நிறுத்தி, மேலிருந்து தண்ணீரைக் கொட்டின மாதிரி. இருபத்தாறு வருஷமாக இதையா நான் நூல் என்று நினைத்தேன்? எனக்குச் சிரிப்பு வந்தது. வாய் திறந்து சிரித்தேன், வாயெல்லாம் தண்ணீர். பல் டாக்டர் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். நாத்தனார் கொஞ்சம் தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அருவியைப் பார்க்கவில்லை. அவள் ஆறு முறை பார்த்துவிட்டாள்.

திரும்பினால் கடல். இவ்வளவு கிட்டத்திலா இருக்கிறது! மலையின் காலடியிலேயே. துறைமுகத்துக் கிரேன்கள் தீக்குச்சி மாதிரி. இவர் அங்கே எங்கேயோ ஒரு லாரியின் உள்ளே வரும் எடையை எழுதிக்கொண்டிருப்பார்.

சீட்டை எடுத்தேன். நனைந்து, மை கரைந்து, ஏழும் ஒரே நீலக் கறையாகிவிட்டது. கடவுளுக்குத் தெரியாததா. கையைக் கூப்பி நின்றேன். வேண்டுதல் ஒன்றும் வரவில்லை. 'அப்பா, எவ்வளவு பெரிசு' என்று மட்டும் வந்தது. அதையே நாலைந்து முறை சொன்னேன்.

பதினொன்று ஐம்பதுக்கு இறங்கத் தொடங்கினோம். அப்போது பார்த்துக் கடலிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பாறை எல்லாம் எண்ணெய் தடவின மாதிரி. தையல்காரம்மா வழுக்கி உட்கார்ந்தார். பல் டாக்டருக்குக் கால் உதறத் தொடங்கியது. மணியைப் பார்த்தேன், நாத்தனாரைப் பார்த்தேன். அவளும் மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் முன்னாடி போறேன்" என்றேன்.

"அண்ணி—"

"எனக்குப் பின்னாடி எல்லாரும் நான் இறங்கற மாதிரியே இறங்குங்க. நாற்காலியில உக்காரப் போற மாதிரி. ஆனா உக்காந்துடக் கூடாது. மேல்கால் மடங்கட்டும், அப்புறம் கீழ்க்கால்."

"நாற்காலி கெடைச்சா சொல்லுங்க, நான் நெஜமாவே உக்காந்துக்கறேன்" என்றார் பல் டாக்டர்.

இறங்கினேன். ஒவ்வொரு படிப்பாறைக்கும் திரும்பி, "இங்க வலது கால்", "இங்க பக்கவாட்டுல" என்று சொல்லிக்கொண்டே. எனக்குப் பின்னால் பதினொரு பேர் வரிசையாக, பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு, கையை முன்னால் நீட்டிக்கொண்டு. கடைசியில் நாத்தனார், பிள்ளைகளுக்குக் கால் எப்படி வைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறவள், என் மாதிரியே. மூன்றாம் அருவிக்குக் கீழே பனி விலகியது. என் தொடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் இல்லை. கல் மாதிரி நின்றது.

போன முறை நான் உட்கார்ந்துவிட்ட இடம் வந்தது. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நான் திரும்பவில்லை. திரும்பினால் கால் வைக்கிற இடம் தெரியாது, கண் அந்த நிலைமையில் இருந்தது.

அடிவாரத்தில் அந்தக் காவலர் வெளியே வந்து நின்றுகொண்டிருந்தார். நாங்கள் வருகிற வரிசையைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. "என்னம்மா, எல்லாரும் எதைத் தேடிக்கிட்டு வர்றீங்க?"

"நாற்காலி!" என்றார் பல் டாக்டர்.

பதிவேடு, மூன்று இருபது. பன்னிரண்டு பேர். நாற்பது நிமிஷம் மிச்சம். காவலர் பழைய பக்கத்தைத் திருப்பிச் சிவப்பு வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கேட்டார், "வெளிய வந்த எடை சரியா இருந்துச்சா?"

"கொஞ்சம் கூடிருச்சு" என்றேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

துணி துவைத்தேன். பன்னிரண்டு டப்பா கழுவினேன். நாள் முழுக்க வாய் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

மே 10, ஞாயிறு

மதியம் நாத்தனார் வந்தாள். கையில் வேறொரு மலைத்தொடரின் வரைபடம். கடலோரமாகவே வடக்கே மூன்று மணி நேரப் பயணமாம், ஒன்பது அருவிகள். சாப்பாட்டு மேசையில் விரித்து நாலு மூலையிலும் டம்ளர் வைத்தாள். எட்டு வருஷமாகத் தேதி குறிப்பது அவள் வேலை. குறித்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சொல்லுவாள். இன்று வரைபடத்தின் ஓரத்தில் 'தேதி' என்று எழுதி, அடியில் கோடு போட்டு, காலியாக விட்டிருந்தாள். பேனாவை என் பக்கம் உருட்டினாள்.

"எழுதுங்க அண்ணி."

"நீ சொல்லு, எழுதறேன்."

"நான் சொல்றதா இருந்தா நானே எழுதியிருக்க மாட்டேனா?"

எழுந்து போய் நாட்காட்டியைப் பார்த்தேன். மழை விட்டு, பாறை காய்ந்து, அருவியில் தண்ணீரும் வற்றாமல் இருக்க வேண்டும். யோசித்து ஒரு தேதி போட்டேன். குனிந்து படித்தாள். உதட்டைக் கடித்தாள்.

"என்ன?"

"அன்னைக்கு ஸ்கூல்ல மீட்டிங்."

"அப்ப அடிச்சிட்டு வேற போடறேன்."

பேனாவை என் கையிலிருந்து வாங்கி மூடி போட்டாள்.

"வேண்டாம். நான் லீவு போட்டுக்கறேன்."